மிலான் நகரின் எண்கோணத் தடாகம்

இத்தாலியின் மிலான் நகரிலே, பேராலய முன்றிலின் நிலத்தடியில், எண்கோண வடிவான பழைய ஞானஸ்நானத் தடாகத்தின் இடிபாடுகளைக் கண்டோம். ஆயர் அம்புரோசியார் 387ஆம் ஆண்டில் அகுஸ்தீனாருக்கு ஞானஸ்நானம் அளித்த இடம் இதுவே. நீரினாலும் ஆவியினாலும் ஆகும் மறுபிறப்பை யோவான் சுவிசேஷம் வற்புறுத்துகின்றது. அங்ஙனமாயின், நீரில் இறங்காதார்க்கு மீட்பில்லையோ?

ஐந்தாண்டுகளின் பின் அம்புரோசியாரே இவ்வினாவை எதிர்நோக்க நேர்ந்தது. ஞானஸ்நானம் வேண்டியிருந்த இளம் பேரரசன் இரண்டாம் வலந்தீனியன், அதனைப் பெறுமுன்னரே 392இல் மாண்டான். கலங்கி நின்ற அவன் சகோதரிகளை நோக்கி, அவன் விரும்பிக் கேட்டதனாலேயே அருளைப் பெற்றுவிட்டான் எனத் தம் இரங்கலுரையில் ஆயர் தேற்றினார். கத்தோலிக்க திருச்சபை இதனை ஆசை ஞானஸ்நானம் என்னும். மீட்புக்கு ஞானஸ்நானம் அவசியமென்று போதிக்கும் அத்திருச்சபை, இறைவன் தான் வகுத்த சடங்குக்குத் தானே கட்டுண்டவனல்லன் என்றும் போதிக்கின்றது. நீர் வற்றிய அத்தடாகம் எமக்கு உணர்த்தியதும் அதுவே.