காரில் ஏறிய பந்தயக்காரர்

கதை எழுதுகிறவனுக்கு ஜயித்தவனைவிடத் தோற்றவனிடம்தான் பிரியம் அதிகம். ஜயித்தவன் கதை மாலை மரியாதையோடு முடிந்துவிடும். தோற்றவன் மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்தான் என்பதில்தான் நாவலே ஆரம்பிக்கிறது. சிரில் கிமார் என்ற பிரெஞ்சுக்காரரிடம் எனக்குப் பிரியம் ஏற்பட்டதும் அதனால்தான்.

'டூர் தெ பிரான்ஸ்' என்பது மூன்று வாரம் நடக்கும் சைக்கிள் பந்தயம். எல்லா நாளின் நேரத்தையும் கூட்டி, குறைந்த நேரக்காரருக்கு மஞ்சள் சட்டை. 1972-இல், அந்நாளைய சக்கரவர்த்தியான எடி மெர்க்ஸை எதிர்த்து நின்றவர் கிமார். மோன் ரெவார் மலைமேல், வெற்றி தமதே என்று மெர்க்ஸ் கைகளை உயர்த்திய அதே கணத்தில், கிமாரின் சக்கரம் கோட்டை முந்தித் தொட்டுவிட்டது! ஆனால் முழங்கால் விடவில்லை. பாரிஸுக்கு இரண்டே நாள் இருக்கையில், இரண்டாம் இடத்தில் இருந்த மனிதர் பந்தயத்தை விட்டு விலகினார். புள்ளிக் கணக்கில் தமக்கு வந்த பச்சைச் சட்டையை மெர்க்ஸ் அவருக்கே கொடுத்தார். பெருந்தன்மைதான், ஆனால் சட்டையால் முழங்கால் ஆறிவிடுமா?

1976-இல், 29-ஆவது வயதில், கிமார் குழு இயக்குநராகக் காரில் ஏறினார். காரில் பின்தொடர்ந்து, யார் எப்போது பாய வேண்டும் என்று சொல்வது இயக்குநர் வேலை. வான் இம்ப் மலையேறுவதில் புலி, ஆனால் தயங்குகிறவர். பிரனீஸ் மலையில் கிமார் அவர் பக்கத்தில் காரைக் கொண்டுபோய், பாயாவிட்டால் இடித்துத் தள்ளிவிடுவதாக மிரட்டினார் என்று சொல்வார்கள். வான் இம்ப் பாய்ந்தார். அந்த வருஷப் பந்தயமே அவருடையதாயிற்று.

இப்படி விரட்டத் தெரிந்தவருக்குத் தடுக்கவும் தெரிந்திருந்தது. பெர்னார் ஈனோ என்ற இளைஞர் 1977-இல் பெரிய பந்தயங்களையே வென்றுவிட்டார். 'டூருக்கு இப்போது வேண்டாம்' என்று நிறுத்திவைத்தார் கிமார். 1978-இல் அனுப்பினார், முதல் முறையிலேயே வெற்றி.

1980-இல், மஞ்சள் சட்டை உடம்பில் இருக்கும்போதே, ஈனோ முழங்கால் வலியால் விலக நேர்ந்தது. அந்த வலியைக் கிமாருக்கு யாரும் விளக்க வேண்டியிருந்திராது. மறுவருஷம் ஈனோ மீண்டும் ஜயித்தார்.

கிமாரை மகான் என்று சொல்ல வரவில்லை. ஈனோவே பிணங்கிக்கொண்டு 1983-க்குப் பின் வேறு குழுவுக்குப் போய்விட்டார். ஆனாலும் வான் இம்ப் ஒரு முறை, ஈனோ நான்கு முறை, ஃபின்யோன் இரண்டு முறை என்று, தமக்கு ஒருமுறைகூடக் கிட்டாத வெற்றியை ஏழு தடவை பிறருக்கு வாங்கிக் கொடுத்தார். தனக்குக் கிடைக்காதது பிறருக்கும் கிடைக்கக் கூடாது என்று நினைப்பவர்கள் நிறைந்த உலகத்தில், இது சாமானியமான காரியமா?