குடத்துக்கு நேரே உட்கார்ந்தவர்

2014ஆம் ஆண்டின் கடைசியில் என்னிடம் வந்த வழக்கு இது. தூத்துக்குடி முத்தையாபுரம் பக்கத்துச் செல்போன் கடைகளில் அப்போது மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுப்பதுதான் ஓடுகிற வியாபாரம். உப்பளத்துக்கும் துறைமுகத்துக்கும் வேலைக்குப் போகிறவர்கள் காலையில் கார்டைக் கொடுத்துவிட்டுப் போய் மாலையில் வாங்கிக்கொள்வார்கள். அப்படி ஒரு கடையின் கம்ப்யூட்டரில் சினிமாப் பாட்டுகளோடு ஒரு ராத்திரி முழுக்க ஓடும் சுடலைமாடன் கதையும் இருந்தது. அந்த வட்டாரத்து அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் பாடிய வில்லுப்பாட்டு. பாடியவர் என் கட்சிக்காரர். ஃபைலில் போட்டிருந்ததோ வேறொரு குழுவின் பெயர்.

அந்த அம்மா பணத்தைப் பற்றி முதலில் பேசவே இல்லை. "தொண்டை கட்ட விடிய விடிய நான் பாடுனது சார். இன்னொருத்தர் பேரைப் போட்டு விக்கிறாங்க. அடுத்த ஊர்க் கொடையில நான் அதே கதையைப் பாடுனா, போன்ல கேட்டதைப் பாத்துப் பாடுறான்னு என்னையவே சொல்லுறாங்க" என்றார்.

யார் பதிவு செய்தது என்று அவருக்குத் தெரியவில்லை. மேடையில் விழாக் கமிட்டியின் மைக் இருந்தது, ஆனால் இந்தப் பதிவு அதிலிருந்து எடுத்ததல்ல. என் அலுவலகத்தில் ஹெட்போனை மாட்டிக் கேட்கச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார். "குடம் ஒரு காதுல பக்கத்துல கேக்குது. உடுக்கு தள்ளி இன்னொரு காதுல. குடத்துக்கு நேரா, முன் வரிசையில உக்காந்திருக்கான் சார்." இன்னும் கொஞ்சம் ஓடியதும் ஒரு சின்னப் பிள்ளை மிகப் பக்கத்தில், "சித்தப்பா, தூக்கம் வருது" என்றது. தலையை ஆட்டிக்கொண்டே ஹெட்போனைக் கழற்றி வைத்தார். அந்தப் பிள்ளையின் குடும்பத்தைக் கண்டுபிடிக்க அந்த ஊரில் நேரம் ஆகவில்லை.

சித்தப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்க்கும் இளைஞர். ஒப்பந்தம் முடிந்து விடுமுறைக்கு வந்திருந்தார். கூப்பிட்டதும் பயந்துபோய் வந்து எல்லாவற்றையும் மேஜைமேல் வைத்தார். பார்த்தால் சாதாரண இயர்போன். ஆனால் ஒவ்வொன்றின் வெளிப்பக்கத்திலும் மிளகு அளவில் ஒரு மைக். இரண்டு காதிலும் மாட்டினால் நடுவில் இருக்கும் தலையே தடுப்பாக நின்று இடதையும் வலதையும் பிரித்துக் கொடுக்கிறது. ஒயர் சட்டைக்குள் இறங்கி, பையில் இருக்கும் சின்ன ரெக்கார்டருக்குப் போகிறது. பையன் பாட்டுக் கேட்கிறான் என்றுதான் பக்கத்தில் இருப்பவர் நினைப்பார். வில்லிசையில் வலத்தே பாடுபவரும் இடத்தே பாடுபவரும் எதிரெதிராகக் கதையை வாங்கிக் கொடுப்பதை அந்தப் பதிவில் அப்படியே கேட்கலாம். ஒலிபெருக்கியில் கூட அவ்வளவு துல்லியமாக நான் கேட்டதில்லை.

ரசிகர்கள் இப்படிக் கச்சேரியைப் பதிவு செய்வதற்கு மேலைநாடுகளில் நீண்ட கதை உண்டு. 1970களில் லாஸ் ஏஞ்சல்ஸில் மைக் மில்லார்ட் என்பவர் சக்கர நாற்காலியில் டேப் ரெக்கார்டரை ஒளித்துக் கொண்டுபோய் லெட் செப்பலின் குழுவின் கச்சேரிகளைப் பதிவு செய்தார். கிரேட்ஃபுல் டெட் குழுவோ 1984இல் பதிவு செய்கிற ரசிகர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கிவிட்டது.

நம் இளைஞரின் காரணம் எளிமையானது. நடுக்கடலில் மாதக்கணக்கில் கிடக்கும்போது ஊர்க் கொடையைக் கேட்க வேண்டும். அவர் யாருக்கும் விற்கவில்லை. சினிமாப் பாட்டு ஏற்றுவதற்காகக் கார்டைக் கடையில் கொடுத்தார். கடைக்காரர் அதிலிருந்ததைத் தன் கம்ப்யூட்டருக்கு நகல் எடுத்துக்கொண்டு, கைக்கு வந்த ஒரு பெயரையும் போட்டுவிட்டார்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இந்த இடத்தில் தெளிவாக இருக்கிறது. பதிவு செய்கிறவர் தன் சொந்த உபயோகத்துக்காகச் செய்யும் ஒலிப்பதிவு நிகழ்த்துநர் உரிமையை மீறாது என்கிறது 39ஆம் பிரிவு. உண்மையான கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் அதே விலக்கு. ஆகவே இளைஞர்மேல் வழக்கு இல்லை என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அவரும் அதையே விரும்பினார். "சொல்லிட்டு எடுத்திருந்தா நானே முன்னால உக்கார வச்சிருப்பேனே தம்பி" என்று அந்த இளைஞரிடமே சொன்னார். கடைக்காரருக்கு அந்த விலக்கு கிடையாது. அவர்மேல் 62ஆம் பிரிவின்படி தூத்துக்குடி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்தேன்.

எதிர்த்தரப்பு இரண்டு வாதங்களை வைத்தது. சுடலைமாடன் கதை ஊருக்கே பொது, அதற்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது என்பது ஒன்று. கதை பொது, அதில் எனக்கும் சந்தேகமில்லை. அன்றைய இரவு அதைப் பாடிய பாட்டு பொது அல்ல. 'நிகழ்த்துநர்' என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில் பாடகர், இசைக்கலைஞர் மட்டுமல்ல, கழைக்கூத்தாடியும் பாம்பாட்டியும்கூட இருக்கிறார்கள். வில்லடிக்கிறவர் எப்படி இல்லாமல் போவார்? குடம் அடித்தவருக்கும் உடுக்கு அடித்தவருக்கும் அதே உரிமை உண்டு.

மற்றது, ஊர் வரி பிரித்துச் சம்பளம் கொடுத்தாயிற்று என்ற வாதம். இதைக் கேட்டு எனக்குக் கோபமே வந்தது. ஊர் கொடுத்தது அன்றைய இரவுப் பாட்டுக்கான கூலி. பதிவை நகல் எடுத்து விற்கும் உரிமையை யாரும் கேட்கவும் இல்லை, அவர் கொடுக்கவும் இல்லை.

இந்த உரிமை நமக்குச் சுலபமாகக் கிடைத்ததல்ல. திரைப்படத்தில் நடிகரின் நடிப்புக்குப் பதிப்புரிமை கிடையாது என்று தேவ் ஆனந்த் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் 1978இல் சொன்னது. 1994ஆம் ஆண்டின் திருத்தம்தான் நிகழ்த்துநர் உரிமையைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. தான் பாடியதற்குத் தன் பெயர் வர வேண்டும் என்று கேட்கும் உரிமை 2012ஆம் ஆண்டின் திருத்தத்தில் 38பி பிரிவாக வந்தது. திரைப்பாடகி நேஹா பாஸின் இதே மாதிரிப் பெயர்ப் பிரச்சினையோடு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய் 2006இல் இடைக்காலத் தடை பெற்றிருந்தார். அந்தத் தீர்ப்பை நான் காட்டினேன். ஸ்டூடியோவில் பாடியவருக்குக் கிடைத்த நியாயம் முத்தையாபுரத்துக் கோயில் பந்தலில் பாடியவருக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் மொத்த வாதமும்.

சாட்சியம்தான் கவலையாக இருந்தது. மின்னணுப் பதிவின் நகலுக்கு அப்போதைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் கட்டாயம் என்று அன்வர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த செப்டம்பரில்தான் சொல்லியிருந்தது. சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டியவர் கப்பல் ஏறிவிட்டால் என்ன செய்வது? அவர் கிளம்பும் முன்பே வந்து கையெழுத்துப் போட்டார், மூலப் பதிவு இருந்த ரெக்கார்டரையும் எங்களிடம் ஒப்படைத்தார்.

கடைசியில் வழக்கு மக்கள் நீதிமன்றத்துக்குப் போய்ச் சமரசமாக முடிந்தது. கடைக்காரர் ஃபைலை அழித்தார், இனி விற்பதில்லை என்று எழுதிக் கொடுத்தார், குழுவினர் எல்லாருக்கும் பங்கு வரும்படி ஒரு தொகையும் தந்தார். கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பி வந்தது. இளைஞர் தன் பதிவைத் தானே வைத்துக்கொண்டார். அதன் முழு நகல் அந்த அம்மாவிடம் இருக்கிறது.

கொடையில் வில்லுப்பாட்டைப் பதிவு செய்ய விரும்புகிறவர்கள் முதலில் பாடுகிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். குழுவின் பெயரையும் ஊரையும் தேதியையும் ஃபைலிலேயே எழுதுங்கள், ஒரு நகலை அவர்களுக்கும் கொடுங்கள். வில்லிசைக் குழுக்கள், வெற்றிலை பாக்கோடு அட்வான்ஸ் வாங்கும்போதே பதிவு உரிமை யாருக்கு என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளட்டும். பாடிய ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 50 ஆண்டுகளுக்கு அந்த உரிமை அவர்களுடையது.