மிக்கி வீட்டுக்கு வாரியலோடு...

"அடுத்த செமஸ்டர் என்ன பண்ணப்போறே?"

இந்தக் கேள்விக்கு உங்கள் எல்லோரிடமும் ஒரு பதில் இருக்கும். புராஜெக்ட், இன்டர்ன்ஷிப், அரியர் கிளியர் பண்றது... இப்படி ஏதாவது. என் பதிலைக் கேளுங்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இருக்கிற வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குப் போய் குப்பை பெருக்கப் போகிறேன்!

சிரிக்காதீங்க, நிஜமாத்தான். அடுத்த மாதம் பயணம். இப்போது அதற்கான ரிகர்சல் நடந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் உங்களிடம் பேசப்போகிறேன்.

முதலில் ஒரு சின்ன அறிமுகம். நான் பாளையங்கோட்டைப் பையன். பத்தாவது வரைக்கும் அங்கேதான். அப்புறம் க்ரீன் கார்டு கிடைத்து, குடும்பத்தோடு நியூஜெர்சிக்கு வந்துவிட்டோம். இப்போது இங்கே ஹோட்டல், சுற்றுலா நிர்வாகம் படிக்கிறேன். மூன்றாம் ஆண்டு.

எங்கள் டிபார்ட்மென்டில் சீனியர்கள் அடிக்கடி உச்சரிக்கும் மந்திரம், டிஸ்னி காலேஜ் புரோகிராம். 1980-ல் தொடங்கியது. கல்லூரி மாணவர்கள் சில மாதங்கள் அங்கேயே தங்கி, பார்க்கிலோ ஹோட்டலிலோ வேலை பார்க்க வேண்டும். மணிக்கணக்கில் சம்பளம் உண்டு. சில கல்லூரிகள் இதற்கு மதிப்பெண் புள்ளிகளும் தருகின்றன. கொரோனா வந்து 2020-ல் நிறுத்தினார்கள். 2021-ல் மறுபடி ஆரம்பித்தார்கள்.

இடம் சும்மா இல்லை. 1971 அக்டோபர் 1-ம் தேதி திறந்தது. பரப்பளவு சுமார் 100 சதுர கிலோமீட்டர். உள்ளே நான்கு பெரிய தீம் பார்க்குகள். 70,000 பேருக்கு மேல் வேலை பார்க்கிறார்கள். அதில் நானும் ஒருத்தன் ஆகப்போறேன்னு நினைச்சாலே காலரைத் தூக்கி விட்டுக்கத் தோணுமா தோணாதா?

தோணிச்சு. எந்த வேலைன்னு மெயில் வர்ற வரைக்கும்!

ஏல, இதுக்கா படிக்க வச்சேன்?

விண்ணப்பத்தில் எந்தெந்த வேலையில் விருப்பம் என்று கேட்பார்கள். ரைடு இயக்குவது, கடையில் விற்பது, சாப்பாடு பரிமாறுவது, நீச்சல் குளத்தில் உயிர்காப்பது என்று பட்டியல் நீளும். மிக்கி வேஷம் கட்ட வேண்டுமென்றால் அதற்குத் தனி ஆடிஷன். நான் நாலைந்துக்கு டிக் அடித்தேன். எனக்குக் கிடைத்தது 'கஸ்டோடியல்'. நம்ம பாஷையில் துப்புரவு. வீதி பெருக்கணும், குப்பைத்தொட்டி காலி பண்ணணும், டாய்லெட் கழுவணும்.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஏல, படிக்க வச்சது கக்கூஸ் கழுவதுக்கா?"

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அக்கா மட்டும், "இவன் வாரியலைத் தொட்டு நான் பாத்ததே இல்ல. அங்க போயாவது தொடட்டும்" என்றாள். எங்கள் பக்கம் விளக்குமாற்றை வாரியல் என்போம். எங்கள் தெருவில் ஆண்பிள்ளை கையில் யாரும் அதைக் கொடுக்க மாட்டார்கள். வீட்டுக்குள் தூத்துவது பொம்பளைப் பிள்ளைகள் வேலை. தெருவைத் தூத்துவது 'அவங்க' வேலை. அந்த 'அவங்க' யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் ஊரிலும் ஒரு தெரு இருக்கும்.

கடைசியில் அப்பா ஒரு சமாதானத்துக்கு வந்தார். "சரி, போ. ஊர்ல யாராச்சும் கேட்டா, டிஸ்னியில வேலைன்னு மட்டும் சொல்லு. என்ன வேலைன்னு சொல்லாத."

எனக்குப் பயணப் பையைவிடப் பெரிய பாரம் அந்த ஒரு வாக்கியம்தான், ஃப்ரெண்ட்ஸ்.

குப்பைக்கும் ஒரு வரலாறு

சரி, போகிற இடத்தைப் பற்றித் தெரிந்துகொண்டு போவோமே என்று படிக்க ஆரம்பித்தேன். ஆச்சரியமாக இருந்தது. வால்ட் டிஸ்னி தன் பெண் குழந்தைகளை லாஸ் ஏஞ்சலீஸ் கிரிஃபித் பார்க்கில் இருக்கும் குடை ராட்டினத்துக்குக் கூட்டிப் போவாராம். பிள்ளைகள் சுற்றும்போது இவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து சந்தோஷப்பட ஒரு இடம் வேண்டும் என்ற யோசனை அங்கேதான் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்துப் பொழுதுபோக்குப் பூங்காக்கள் பலவும் அழுக்குக்குப் பேர்போனவை. தன்னுடையது அப்படி இருக்கக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். 1955 ஜூலை 17-ல் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்தபோது ஊர் முழுக்கப் பேசிய விஷயங்களில் சுத்தமும் ஒன்று ஆனது.

அங்கே துப்புரவுப் பிரிவின் முதல் மேனேஜர் சக் போயாஜியன். கார்ட்டூன் வரைந்தவர்கள், பாட்டு அமைத்தவர்களுக்கெல்லாம் கொடுக்கும் 'டிஸ்னி லெஜண்ட்' விருதை 2005-ல் இவருக்கும் கொடுத்தார்கள். இதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "ம்" என்றார். நெல்லைக்காரர் 'ம்' சொன்னால் பாதி கிணறு தாண்டிய மாதிரி!

இன்னொரு விஷயம். அங்கே தொழிலாளி கிடையாது, 'காஸ்ட் மெம்பர்'. அதாவது நடிகர் குழுவில் ஒருவர். வாடிக்கையாளர் கிடையாது, 'கெஸ்ட்', விருந்தாளி. யூனிஃபார்ம் கிடையாது, 'காஸ்ட்யூம்'. மக்கள் நடமாடும் இடம் மேடை. ஊழியர் மட்டும் போகும் இடம் மேடைக்குப் பின்னால். முதல் நாள் வகுப்புக்குப் பெயர் 'டிரெடிஷன்ஸ்'. நெஞ்சில் ஒரு பேட்ஜ் குத்த வேண்டும். அதில் நம் பெயர் இருக்கும். பெருக்குகிறவர் என்றாலும் பெயர் உண்டு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவேன்.

நான் எடுக்கும் டிரெய்னிங்

இனி தயாரிப்பு. நாளைக்கு நீங்களும் எங்கேயாவது இப்படிக் கிளம்பினால் உதவும்.

கால்: எட்டு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டியிருக்கும், நடக்க வேண்டியிருக்கும். தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம் நடக்க ஆரம்பித்து, இப்போது இரண்டரை மணி நேரத்தில் நிற்கிறேன். ஃபுளோரிடா வெயில் நம்ம ஊர் மே மாதம் மாதிரி கசகசவென்று இருக்கும். கோடையில் மத்தியானமானால் இடியோடு மழை. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் சீசன் வேறு.

முகம்: தோற்றத்துக்கென்று அவர்களிடம் ஒரு சட்டப் புத்தகமே இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், வால்ட் டிஸ்னி மீசைக்காரர். ஆனால் 2000 வரைக்கும் அவருடைய பார்க் ஊழியர்கள் மீசை வைக்க முடியாது! தாடிக்கு 2012-ல்தான் அனுமதி வந்தது. 2021-ல் பச்சை குத்தியிருப்பதற்கும் விதி தளர்ந்தது. என் மீசை தப்பித்தது, கத்தரித்து ஒழுங்காக வைத்தால் போதும்.

விரல்: வழி காட்டும்போது ஒற்றை விரலை நீட்டக்கூடாது. இரண்டு விரல் அல்லது முழுக் கை. சில நாட்டுக்காரர்களுக்கு ஒற்றை விரல் மரியாதைக்குறைவு. "பெரியவங்க முன்னால வெரலை நீட்டிப் பேசாதல" என்று எங்க ஆச்சி தலையில் குட்டியது இவ்வளவு நாள் கழித்துப் பயன்படுகிறது.

காது: இதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். பார்க்கில் வழி தெரியாதவர்கள் தேடுவது வாரியல் வைத்திருப்பவரைத்தான். அங்கே ரொம்பப் பிரபலமான கேள்வி ஒன்று உண்டு. "மூணு மணி ஊர்வலம் எத்தனை மணிக்கு?" கேட்டதும் சிரிப்பு வருகிறதல்லவா? ஆனால் கேட்பவர் முட்டாள் இல்லை. "நான் நிற்கும் இந்த இடத்துக்கு எத்தனை மணிக்கு வரும்? பிள்ளைக்குத் தெரிகிற மாதிரி எங்கே நிற்கட்டும்?" என்பதுதான் அந்தக் கேள்வி. சிரிக்காமல் அதற்குப் பதில் சொல்லணும். போய்வந்த சீனியர் ஒருத்தி, "ஒரே கேள்வியை நூறாவது தடவை கேட்கும்போது, கேட்கிறவருக்கு அது முதல் தடவை" என்றாள். அக்காவை வைத்துப் பயிற்சி நடக்கிறது. "டாய்லெட் எங்கே?" என்று சமையலறையிலிருந்து கத்துகிறாள். நான் புன்னகையோடு இரண்டு விரல் காட்டுகிறேன்.

மனப்பாடம்: 'ஐந்து சாவிகள்' என்று ஒன்று உண்டு. பாதுகாப்பு, மரியாதை, எல்லோரையும் சேர்த்துக்கொள்வது, காட்சி, வேகம். வரிசையும் முக்கியம். ரைடு தாமதமானாலும் பாதுகாப்பு முதலில். மூன்றாவது சாவி 2020-ல் சேர்ந்தது.

பணம்: மாணவர் குடியிருப்பில் வீட்டைப் பகிர்ந்து தங்கலாம். வாடகையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். லட்சாதிபதியாகத் திரும்பும் கனவு வேண்டாம். கிறிஸ்துமஸ், தீபாவளி எதற்கும் லீவு எதிர்பார்க்கக் கூடாது. ஊரே லீவில் இருக்கும்போதுதான் பார்க்கில் கூட்டம். அம்மா ரைஸ் குக்கரும் சாம்பார் பொடியும் கட்டித் தந்துவிட்டாள்.

இங்கே மேற்படிப்புக்கு வர நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மாணவர் விசாவில் வந்தவர்கள், உங்கள் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் எங்கேயும் வேலையில் சேராதீர்கள். அனுமதி இல்லாமல் வேலை பார்த்தால் விசாவுக்கே வேட்டு. "பணம் கட்டு, டிஸ்னிக்கு அனுப்புறேன்" என்று யாராவது சொன்னால், அந்தக் கம்பெனியின் வேலைவாய்ப்புப் பக்கத்தை நீங்களே படித்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

அப்பா அமுக்கிப் பார்த்த ஷூ

காஸ்ட்யூம் அவர்கள் தருவார்கள், ஷூ நம் பொறுப்பு. போன ஞாயிற்றுக்கிழமை கடைக்குக் கிளம்பினேன். "நானும் வாரேன்" என்றார் அப்பா.

நான் ஒரு ஸ்டைலான ஜோடியைப் போட்டுக் காட்டினேன். அவர் குனிந்து, கட்டைவிரலால் ஷூவின் முனையை அமுக்கிப் பார்த்தார். "இது வேண்டாம். அரை சைஸ் பெருசா எடு. சாயங்காலம் கால் வீங்கும்" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"காலேஜ் படிக்கும்போது ரெண்டு தீபாவளி சீசனுக்கு டவுன்ல துணிக்கடையில நின்னேன்லா. காலைல ஒம்பது மணிக்கு நின்னா ராத்திரி பத்து. உக்கார விட மாட்டாவ."

இருபது வருஷத்தில் அப்பா இதைச் சொன்னதே இல்லை. ஆச்சிக்குக்கூட 'ஃப்ரெண்ட் வீட்டில் படிக்கிறேன்' என்றுதான் சொல்லியிருந்தாராம். அவர் வாங்கிய முதல் சம்பளம் எங்கே போனது என்று கேட்டேன். "பரீட்சை ஃபீஸ்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. வரும் வழியெல்லாம் இருவரும் பேசவில்லை.

துணிக்கடை ஊழியர் உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது 2021-ல். அப்பா நின்றதற்குப் பல வருஷம் கழித்து. "என்ன வேலைன்னு சொல்லாத" என்பது எனக்குப் போட்ட கட்டளை என்று நினைத்திருந்தேன். அவர் தனக்கே போட்டுக்கொண்ட பழைய கட்டளை அது.

பெயர் தெரியுமா?

நான் ஒன்றும் தியாகி இல்லை. எனக்கு இது சில மாத வேஷம். காஸ்ட்யூமைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வகுப்புக்குத் திரும்பிவிடுவேன். நம் ஊரில் பிறப்பாலேயே அந்த வேலையில் தள்ளப்பட்டவர்களுக்குக் கழற்றி வைக்க வழி இல்லை. இரண்டையும் ஒன்றாகப் பேசினால் அது பொய்.

பெயரை அழகாக மாற்றினால் மட்டும் போதாது என்பதும் உண்மை. காஸ்ட் மெம்பர் என்று கூப்பிட்டாலும் வயிறு நிறையணுமே! டிஸ்னி வேர்ல்டின் தொழிற்சங்கங்கள் 2023-ல் பேச்சுவார்த்தை நடத்தித்தான், அந்த ஆண்டு முடிவதற்குள் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 18 டாலர் என்ற ஒப்பந்தத்தை வாங்கின. மரியாதை, சம்பளம் இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு சரியாகும்.

இப்போது பேட்ஜ் விஷயத்துக்கு வருகிறேன். நான் படித்த பள்ளியில் ஒரு அம்மா தினமும் வராந்தாவைப் பெருக்குவார். ஈரத்தரையில் நாங்கள் ஓடினால், "மெதுவா போங்கய்யா, வழுக்கும்" என்பார். ஐந்து வருஷம். அவர் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. அவருக்கு எங்களில் பாதிப் பேரின் பெயர் தெரியும்.

உங்கள் கல்லூரியிலும் ஒருவர் இருப்பார். நீங்கள் கேன்டீன் டேபிளில் விட்டுப்போன டீ கப்பை எடுப்பவர், ஹாஸ்டல் பாத்ரூமைக் கழுவுபவர். அவர் நெஞ்சில் பேட்ஜ் இருக்காது. திங்கட்கிழமை போனதும், வணக்கம் சொல்லி, பெயரைக் கேளுங்கள். மறுநாள் அந்தப் பெயரோடு அக்கா, அண்ணன் சேர்த்துக் கூப்பிடுங்கள். இதற்கு விசா வேண்டாம், இன்டர்வியூ வேண்டாம்.

ஆச்சிக்கு நேற்று போன் போட்டேன். வேலை என்னவென்று முழுசாகச் சொல்லிவிட்டேன். அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தைத் திருப்பவே இல்லை. ஆச்சி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டாள்:

"சரில, முதுகு வலிக்கும். நீள வாரியலாக் குடுப்பாவளா?"