அக்காவின் நட்சத்திரம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அம்மாவின் போனுக்கு அந்த அழைப்பு வந்தது. இரண்டு மாதமாகப் பேசிய சம்பந்தம். முதலில் பார்த்த சாத்திரியார் பொருத்தம் எழுபது வீதம் என்றவர். படம் மாறி, அக்காவும் பெடியனும் கதைத்து, இரண்டு பேருக்கும் பிடித்தும் இருந்தது. பிறகு பெடியனின் பெரியம்மா குறிப்பை வேறொருவரிடம் காட்டியிருக்கிறா.

"பிள்ளையில ஒரு குறையும் இல்லை. ஆயிலியம், அதிலும் நாலாம் பாதம் எண்டுதான் யோசிக்கிறம். பெடியனுக்குத் தாய் மட்டும்தானே."

ஆயிலியம் மாமியாருக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. அம்மா "பரவாயில்லை" என்று சொல்லிப் போனை வைத்தா. அக்கா எழும்பிப் போய்க் காய்ந்த உடுப்பு எடுத்தா.

அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. போனில் ஒரு சாதக ஆப்பை இறக்கி அக்காவின் பிறந்த நேரத்தைப் போட்டேன். சந்திரன் கடகத்தில் 29 பாகை 20 கலை. ஆயிலியம் நாலாம் பாதம். குறிப்பில் இருந்ததும் அதுதான். இன்னும் ஒன்றேகால் மணித்தியாலம் பொறுத்துப் பிறந்திருந்தால் மகம் வந்திருக்கும். சும்மா செற்றிங்ஸுக்குள் போனபோது 'அயனாம்சம்' என்று ஒரு பட்டியல் கிடந்தது. லாஹிரி என்று இருந்ததை ராமன் என்று மாற்றினேன்.

சிம்மம், மகம், முதலாம் பாதம்.

நேரத்தை மாற்றவில்லை, ஊரை மாற்றவில்லை. மாமியாருக்கு ஆகாத பெட்டை, ஒரு விரல் தட்டில், ஜெகத்தை ஆளுற நட்சத்திரக்காரி!

பிறகுதான் வாசிக்கத் தொடங்கினேன். பூமியின் அச்சு பம்பரம் போல மெல்லத் தள்ளாடுகிறது. அதனால் பகலும் இரவும் சமமாகும் மார்ச் மாதப் புள்ளி, நட்சத்திரங்களோடு ஒப்பிட்டால், ஏறத்தாழ 72 வருடத்துக்கு ஒரு பாகை பின்னால் நகர்கிறது. மேற்கத்தைய சோதிடம் அந்தப் புள்ளியிலிருந்தே மேஷத்தைத் தொடங்குகிறது. நாங்கள் நட்சத்திரங்களை வைத்துத் தொடங்குகிறோம். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம்தான் அயனாம்சம். தை முதலாம் திகதி உத்தராயணம் பிறக்கிறது என்கிறோமே, சூரியன் உண்மையில் டிசம்பர் 22 அளவிலேயே வடக்கே திரும்பிவிடுகிறது. அந்த இடைவெளியும் இதே கணக்குத்தான்.

சரி, நட்சத்திரத்தை வைத்தே தொடங்குவோம். எந்த நட்சத்திரம்? மேஷம் தொடங்குகிற இடத்தில் ஒரு பிரகாசமான வெள்ளியும் நின்று "இதுதான் பூச்சியம்" என்று காட்டுவதில்லை. சூரிய சித்தாந்தம் சித்திரையை 180 பாகையிலும் ரேவதியை 359 பாகை 50 கலையிலும் வைக்கிறது. ரேவதி என்று பொதுவாக அடையாளம் காட்டப்படுவது மீன மண்டலத்தில் இருக்கும் ஒரு மங்கலான நட்சத்திரம். ஆனால் வானத்தில் இவை இரண்டும் அந்தக் கணக்குப்படி எதிரெதிரே நிற்கவில்லை. கிட்டத்தட்ட நாலு பாகை பிசகுகிறது. சித்திரையைப் பிடித்தால் ரேவதி கைவிடும், ரேவதியைப் பிடித்தால் சித்திரை.

இந்தியாவில் 1952இல் மேக்நாத் சாஹா தலைமையில் பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு ஒன்றை அமைத்தார்கள். ஆளுக்கொரு நாட்காட்டி இருந்த நாட்டுக்குப் பொதுவாக ஒன்று தேவைப்பட்டது. அதன் செயலாளர் என். சி. லாஹிரி. குழு சித்திரையைப் பிடித்தது. 1956 மார்ச் 21இல் அயனாம்சம் 23 பாகை 15 கலை என்று வைத்தது. அந்தக் கணக்கில் இரண்டு புள்ளிகளும் ஒன்றாக இருந்த வருடம் கி.பி. 285. பி. வி. ராமனோ 397 என்றார். இன்றைக்கு இரண்டு கணக்குக்கும் 1 பாகை 26 கலை வித்தியாசம். ரேவதிக் கட்சியின் கணக்கில் வித்தியாசம் இன்னும் கூட.

1 பாகை 26 கலை பெரிய விசயமா? ஒரு நட்சத்திரத்தின் அகலம் 13 பாகை 20 கலை. நான் கொப்பியில் வகுத்துப் பார்த்தேன். லாஹிரியிலிருந்து ராமனுக்குப் போனால் ஏறத்தாழ ஒன்பது பேரில் ஒருவருக்கு நட்சத்திரமே மாறும். பாதம் என்று பார்த்தால் பத்துப் பேரில் நாலு பேருக்கு மேல். அக்கா கோட்டுக்கு 40 கலை இந்தப் பக்கம் நிற்கிறா. கோடு எங்கே என்பதிலேயே ஒரு பாகைக்கு மேல் சண்டை.

சோதிடம் பொய் என்று நிறுவ இதை எழுதவில்லை. அதற்கு வேறு ஆட்கள், வேறு வாதங்கள் உண்டு. அதை நம்புகிறவர்களிடமே என் கேள்வி. அளவுகோலின் பூச்சியமே அறிஞர்கள் கூடித் தெரிவு செய்த ஒன்று. அதை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையை நாலாம் பாதம் என்று கலை சுத்தமாகத் தள்ளிவைக்க எப்படி மனம் வருகிறது?

குறிப்பு எழுதின சாத்திரியாரிடமே போனேன். கோபிப்பார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"தம்பி, எங்கட ஊரிலயே ஒரு கோயில் வாக்கியம், மற்றக் கோயில் திருக்கணிதம். வருசம் பிறக்கிற நேரத்தையே பேப்பரில இரண்டாத்தானே போடுறாங்கள். சனிமாற்றத்தைப் பாரும், திருக்கணிதத்துக்கு 2025 மார்ச்சில, வாக்கியத்துக்கு 2026இல. பிறந்த நேரமே ஆஸ்பத்திரி மணிக்கூட்டை நம்பித்தான் எழுதுறது. அந்தத்தில நிக்கிற சாதகத்தை இறுக்கிப் பிடிக்கக்கூடாது எண்டுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தவை."

"அப்ப ஏன் ஐயா, குறிப்பில அப்பிடி ஒண்டும் எழுதேல்லை?"

"எழுதினா ஆர் தம்பி கொண்டுபோவினம்?"

அந்த நேர்மைக்கு அவரில் மரியாதை கூடினது. கோபமும் கூடினது.

வீட்டில் சொன்னபோது அக்கா முதலில் கேட்டது இதுதான்: "அப்ப சின்னனில ஏழரைச் சனியெண்டு சனிக்கிழமையில என்னைக் கொண்டு எள்ளெண்ணெய் எரிப்பிச்சது ஆற்ற கணக்குக்கு?" எல்லாரும் சிரித்தோம். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த ராமன் கணக்கில புதுக்குறிப்பு ஒண்டு எழுதுவிப்பம். மகம் எண்டா ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம்."

எனக்கு ஒருமாதிரிப் போய்விட்டது. நான் கோட்டைக் கேள்வி கேட்கப் போனவன். அப்பா அதே கோட்டை எங்களுக்கு வசதியான பக்கத்துக்கு இழுத்துப்போட்டார். ஆனால் பத்து வருசமாகக் குறிப்போடு அலைகிற மனிசனிடம் இது பிழை என்று எந்த முகத்தோடு சொல்ல? நான் சொல்லவில்லை.

போன கிழமை புரோக்கர் எடுத்தார். வெளிநாட்டு இடமாம். நட்சத்திரம் என்ன என்று கேட்டார். அம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டு அப்பாவைப் பார்த்தா, பிறகு அக்காவைப் பார்த்தா.

அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. தலை நிமிர்த்தவில்லை.

"ஆயிலியம் எண்டே சொல்லுங்கோ, அம்மா."