டெக்கும் ஒரு கேசட்டும்

1982இல் தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி இந்தியாவுக்கு வண்ணத் தொலைக்காட்சி வந்தது. வி.சி.ஆர். பரவியதும் அதன் பிறகுதான். வைகை அணையைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்களில் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை, 'டெக்கு' என்போம். சடங்கு, கல்யாணம், கோயில் திருவிழா எதுவானாலும் ஆண்டிபட்டியிலிருந்து டிவியும் டெக்கும் வாடகைக்கு வந்துவிடும். விடிய விடிய மூன்று படங்கள். காட்சி மங்கினால் ஹெட்டைத் துடைக்க எவரேனும் புது ரூபாய்த் தாளை நீட்டுவார்.

சூட்சுமம் முழுவதும் அந்த ஹெட்டில்தான் இருந்தது எனப் பின்னாளில் படித்தறிந்தேன். ஒலியைப் பதிவதுபோல் அசையாத ஹெட்டின் மீது நாடாவை ஓட்டினால், காட்சிக்கு மைல் கணக்கில் நாடா வேண்டியிருக்கும். அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனத்தில் சார்லஸ் கின்ஸ்பர்க் குழுவினர் (ஒலிக்காகப் பிற்பாடு புகழ்பெற்ற ரே டால்பியும் அதில் இருந்தார்) ஹெட்டையே சுழலவிட்டார்கள். 1956இல் வெளிவந்த அந்த இயந்திரத்தின் நாடா இரண்டு அங்குல அகலம். விலையோ தொலைக்காட்சி நிலையங்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும். வைகை அணை திறக்கப்பட்டதே அதற்கு மூன்றாண்டுகள் கழித்துத்தான்.

நாடாவை உருளைமேல் சாய்வாகச் சுற்றும் முறை வந்த பிறகே கருவி சிறுத்தது. 1971இல் சோனியின் யூ-மாட்டிக், 1975இல் பீட்டாமாக்ஸ், 1976இல் ஜே.வி.சி.யின் வி.எச்.எஸ். முதல் பீட்டாமாக்ஸ் கேசட்டில் ஒரு மணி நேரமே பதியலாம், வி.எச்.எஸ்.ஸில் இரண்டு. பீட்டாமாக்ஸின் துல்லியத்தை மெச்சுவோர் இன்றும் உண்டு. இருக்கட்டும். பாட்டு, சண்டை, தங்கை பாசம் அனைத்தோடும் ஒரு தமிழ்ப்படம் முழுதாக அடங்கிய மூன்று மணி நேர வி.எச்.எஸ். கேசட்டுக்கு முன் எங்களூரில் துல்லியம் எடுபட்டிருக்குமா என்ன?

எங்கள் வீட்டிலும் ஒரு கேசட் உண்டு. 1989இல் அக்காவின் திருமணத்துக்கு மறுநாள் அணைப் பூங்காவில் எடுத்தது. இரு கரைகளையும் இணைக்கும் பாலத்தில் அம்மா நடந்து வருவாள். கேமராவைக் கண்டதும் முந்தானையை இழுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வாள். பத்து நொடி இருக்கும். அம்மா அசைவதாக எங்களிடம் வேறு பதிவு இல்லை.

இப்போது நாடாவின் விளிம்பெங்கும் வெள்ளைப் பூஞ்சை. மதுரையில் பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றித் தருபவர் ஒருவரிடம் காட்டினேன். "துடைத்துத் தருகிறேன். ஆனாலும் ஓடும்போது அறுந்தால் நான் பொறுப்பில்லை" என்றார். ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016இல் வி.சி.ஆர். தயாரிப்பை நிறுத்தியது, தம்மிடமுள்ள ஹெட் தேய்ந்தால் மாற்றுக்கு எங்கே போவது என்பது அவர் கவலை.

ஓட்டிவிடச் சொல்கிறாள் அக்கா. அப்படியே இருக்கட்டும் என்கிறான் தம்பி. மழைக்காலத்துக்குள் முடிவு சொல்லுங்கள் என்கிறார் மதுரைக்காரர்.