கேள்வி நேரம் யாருடைய நேரம்?

திருமயம் என்றால் பலருக்கு ஞாபகம் வருவது கோட்டை, குடைவரைக் கோயில்கள், அப்புறம் தீரர் சத்தியமூர்த்தி. 1887ல் இந்த ஊரில் பிறந்தவர். 1934 தேர்தலில் ஜெயித்து டில்லி மத்திய சட்டசபைக்குப் போனார். அங்கே அவருடைய ஆயுதம் கேள்வி நேரம்தான். அதிகாரிகள் எழுதிக் கொடுத்த பதிலை அரசுத் தரப்பு வாசித்து முடித்ததும் துணைக்கேள்வி வரும். அதற்கு எழுதி வைத்த பதில் கிடையாதே!

இத்தனைக்கும் அந்தச் சபையால் அரசைக் கவிழ்க்க முடியாது. சபை தோற்கடித்த மசோதாவையும் வைஸ்ராய் சட்டமாக்கலாம். ஆனாலும் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது.

இன்று சபைக்கு அரசையே மாற்றும் அதிகாரம் உண்டு. நேரம்தான் இல்லை. முதல் மக்களவை (1952-57) 677 நாட்கள் கூடியது. பதினேழாவது மக்களவை (2019-24) கூடியது 274 நாட்கள். ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி கூடாது என்கிறது அரசியல் சட்டம். ஆண்டுக்கு இத்தனை நாள் கூட வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் கொரோனாவைக் காரணம் காட்டி கேள்வி நேரமே எடுக்கப்பட்டது. 2018ல் எல்லா அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளும் மக்களவையில் விவாதமே இல்லாமல் நிறைவேறின.

"கூச்சல் போட்டு நேரத்தைக் கெடுப்பது எதிர்க்கட்சிதானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் எதை விவாதிப்பது என்பதில் அரசின் கையே ஓங்கியிருக்கிறது. பேச வழி கிடைக்காதவர்கள் சபையின் நடுவில் வந்து நிற்கிறார்கள். எந்தக் கட்சி எதிர் வரிசைக்குப் போனாலும் இதே கதைதான்.

பிரிட்டனில் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் 20 நாட்கள் எதிர்க்கட்சிகளுக்கு. பொருளை அவர்களே தேர்ந்தெடுப்பார்கள். புதன்கிழமை தோறும் பிரதமர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இங்கேயும் அப்படிச் செய்ய என்ன தடை? மக்களவை ஆண்டுக்குக் குறைந்தது 120 நாட்கள் கூட வேண்டும் என்று அரசியல் சட்ட மறுஆய்வு ஆணையம் 2002லேயே சொல்லிவிட்டது. அமளியில் போன கேள்வி நேரத்தை அன்று மாலையே ஈடுகட்டலாம். பெரிய சட்டத் திருத்தமெல்லாம் தேவையில்லை, சபை விதிகளை மாற்றினால் போதும்.

இதில் திருமயத்துக்கு என்ன? நிறையவே இருக்கிறது. 2008 தொகுதி மறுசீரமைப்பில் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதியே இல்லாமல் போனது. மாவட்டம் நான்கு தொகுதிகளுக்குப் பிரிந்தது. திருமயம் சிவகங்கையோடு சேர்ந்தது. 543 பேரில் ஒருவருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில்தான் இந்த ஊரின் குறையும் டில்லியில் கேட்க வேண்டும். ஒரு நாள் சபை ஒத்திவைக்கப்பட்டால் போவது அந்த நிமிடங்கள்தான்.

யார் என்ன கேள்வி கேட்டார் என்பது மக்களவை இணையதளத்திலேயே இருக்கிறது. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் ரோடு, தண்ணீரோடு சேர்த்து அதையும் விசாரியுங்கள். கேள்வி கேட்டே பெயர் வாங்கியவரின் ஊர்க்காரர்களுக்கு அந்த உரிமை கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.