சுண்ணாம்பு கேட்கும் அவகாசம்

சென்னையில் நூறாண்டு தாண்டிய ஒரு கல்லூரியின் வேதியியல் கூடத்தைப் புதுப்பிக்கிறார்கள். மொட்டை மாடியில் சித்தாள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரப்பலகையால் தளத்தை அடித்துக்கொண்டிருந்தார்கள். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டிய தளம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடிக்கிறார்கள்.

“எவ்வளவு நேரம்க்கா அடிப்பீங்க?”

“நேரக் கணக்கு கிடையாது சார். பலகை எகிறணும். எகிறுச்சுன்னா தளம் கெட்டியாயிடுச்சுன்னு அர்த்தம்.”

இதுதான் மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளின்மேல் மெல்லிய சிறு செங்கற்களை நிமிர்த்தி, மூலைவாட்டாகச் சுண்ணாம்புச் சாந்தில் பதிப்பார்கள். அதற்குமேல் இந்த ஜல்லித் தளம், கடைசியில் தட்டோடு. ராபர்ட் சிஷோம் வடிவமைத்து, 1870-இல் திறக்கப்பட்ட மாநிலக் கல்லூரியும், 1879-இல் முடிந்த செனட் மாளிகையும் சுண்ணாம்புச் சாந்தை நம்பி எழுந்தவைதான்.

சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கரியமில வாயு வெளியேறும். சுட்டதைத் தண்ணீரில் போட்டால் கொதித்து நீறும். சாந்தாகிச் சுவரில் ஏறியபின், போன வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக் கல்லாகும். கீழ்க்கூடத்தில் மாணவர்கள் எழுதிப் பார்க்கும் அதே சமன்பாடு, அவர்கள் தலைக்குமேல் மாதக்கணக்கில் நடக்கிறது. எனக்கு அது பெரிய வியப்பு.

மூத்த கொத்தனார் ஒரு சுவரைக் காட்டினார். எப்போதோ சிமென்ட் பூசிய இடம். கரணையால் தட்டியதும் பூச்சு பாளமாக விழுந்தது. உள்ளே செங்கல் மாவாக உதிர்ந்தது. “சுவத்துல ஏறுற ஈரம் வெளியே போவணும் சார். சிமென்ட் அடைச்சிடுது. உப்பு உள்ளயே பூத்து கல்லைத் தின்னுடும்.” கடற்கரை நகரத்தில் இதை அலட்சியம் செய்யவே கூடாது.

புதிய ஆய்வுக்கூடத்துக்கு ஏ.சி. வேண்டும், நச்சுப்புகையை வெளியேற்றும் குழாய் வேண்டும், மின்கம்பிகள் ஏராளம் வேண்டும். கம்பிகளுக்காகச் சுவரை வெட்டக் கொத்தனார் சம்மதிக்கவில்லை; அவை சுவருக்கு வெளியே, குழாய்க்குள் ஓடுகின்றன. ஏ.சி. தண்ணீர் சுவருக்குள் இருக்கும் தேக்குக் கட்டையின் முனையில் பட்டால் முதலில் மக்குவது அதுதான் என்றார். அவர் சொன்னபடி வடிகால் குழாயின் தடத்தை மாற்றினார் பொறியாளர். புகைக்குழாய்க்குப் புதிதாகத் துளை போடாமல், பழைய வெண்டிலேட்டர் திறப்புகளையே எடுத்துக்கொண்டார்கள். கட்டடத்தைக் கேட்டுச் செய்த முடிவுகள் இவை. வரைபடத்தோடு மட்டும் வந்திருந்தால் அமைந்திருக்காது.

ஒன்றுதான் எனக்கு உறுத்துகிறது. பலகை எகிறும் வரை அடிக்கும் பெண்களுக்குக் கொத்தனார் கூலி இல்லை, சித்தாள் கூலிதான். தளம் ஒழுகாமல் நிற்பது அவர்கள் கைப்பழக்கத்தால். அந்தக் கைக்கு உதவியாள் என்ற கணக்கில் கூலி கொடுப்பது நியாயமே இல்லை.

ஜூனில் வகுப்பு திறக்க வேண்டும் என்கிறது நிர்வாகம். பூச்சு காயாமல் வண்ணம் அடிக்க விடமாட்டேன் என்கிறார் கொத்தனார். முதலில் தரைத்தள அறைகளை மட்டும் திறப்பதாக இப்போதைக்குப் பேசி முடித்திருக்கிறார்கள்.